தட்டினால் விட வேண்டும்

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். ஆறு மாதம் ஜூடோ படித்தவன் யாரையும் கொல்ல மாட்டான். பேசிப் பேசியே சாகடிப்பான். கடைசியில் மாட்டுவது அவன் கழுத்துதான்.

ஜூடோவுக்கும் மல்யுத்தத்துக்கும் என்ன வித்தியாசம் என்று எங்கள் குடும்பத்தில் யாரிடமாவது கேட்டால், வாயால் பதில் வராது. எல்லாரும் என்னைத்தான் கைகாட்டுவார்கள். வலது பக்கம் இருப்பவரைப் பார்க்க நான் இன்றைக்கும் இடுப்போடு சேர்த்துத்தான் திரும்ப வேண்டும். பாதிப் பதில் அதிலேயே இருக்கிறது.

அப்போது எனக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. நாள் முழுக்க நாற்காலி, மாலையில் நெய் ஒழுகும் ரொட்டி சானாய், பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக் டீ. சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக ராஜினாமா செய்யத் தொடங்கியபோது, பின்தெருவில் ஒரு மண்டபத்தில் நடந்த ஜூடோ வகுப்பில் சேர்ந்தேன். அங்கே முதலில் விழுவதற்குத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பின்னால் விழு, பக்கவாட்டில் விழு, உருண்டு விழு. விழுவதில் எனக்குப் பிறவித் திறமை இருப்பதாக மாஸ்டர் சொன்னார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு மஞ்சள் பெல்ட் கொடுத்தார்கள். வெள்ளைக்கு அடுத்தது மஞ்சள். அதாவது, தாடிகா என்கிற பாலர் பள்ளியை முடித்து ஒன்றாம் வகுப்புக்குப் போன மாதிரி. எனக்கோ பட்டமே வாங்கிவிட்ட நினைப்பு. நடை மாறியது. ஒட்டுக்கடையில் பக்கத்து மேசைக்காரர்களிடமெல்லாம், "எதிராளியோட பலத்த அவனுக்கே எதிரா திருப்புறதுதான் பாஸ் ஜூடோ" என்று ஆரம்பிப்பேன். அவர்கள் தங்கள் நாற்காலியை வேறு பக்கம் திருப்பிக்கொள்வார்கள்.

திருப்பிக்கொள்ளாத ஒரே ஜீவன் புவனா. என்னோடு வேலை பார்த்தவள், கிள்ளான்காரி. எப்படியோ என்னைப் பிடித்துப்போய்விட்டது. (ஏன் என்று இதுவரை கேட்கவில்லை. கேட்டால் யோசிக்கத் தொடங்கிவிடுவாளோ என்று பயம்.) ஒருமுறை வகுப்பைப் பார்க்க வந்தாள். ஒருவர் கழுத்தை இன்னொருவர் நெருக்குவதைக் கண்டு பதறிப்போனாள்.

"பயப்படாத. தாங்க முடியலன்னா ரெண்டு தட்டு தட்டுவோம். தட்டினா உடனே விட்டுடணும். அதுதான் ஜூடோ" என்று விளக்கினேன். இந்த விளக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் வைத்துக்கொண்டாள்.

கல்யாணப் பேச்சுக்கு நேரம் வந்தது. புவனாவுக்கு அப்பா இல்லை. அண்ணன் லோகன் வைத்ததுதான் சட்டம். அவர் சரி என்றால் தாலி, இல்லை என்றால் இல்லை.

"அண்ணன் ரெஸ்லிங் கோச்" என்றாள் புவனா.

"டிவில நாற்காலியால அடிச்சுக்குவாங்களே, அதுவா?"

தலையில் அடித்துக்கொண்டாள் புவனா. "வீட்டுக்கு வந்து விளையாட்டப் பத்தி மட்டும் வாயத் தொறக்காதீங்க. சாப்பாடு நல்லா இருக்குன்னு சொல்லுங்க, போதும். ப்ளீஸ் லா."

சரி என்று தலையாட்டினேன். ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குக் கிளம்பும்போது ஜூடோ உடையை மடித்துக் காரின் பின்பக்கம் வைத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்காதீர்கள். மஞ்சள் பெல்ட்டை வீட்டில் தனியாக விட்டுவர மனம் வரவில்லை.

லோகன் என்னைவிடக் குட்டை. ஆனால் இரண்டு பங்கு அகலம். கழுத்து என்று தனியாக ஒன்று அவருக்குக் கிடையாது. இரண்டு காதும் மசால் வடை போலத் தடித்து மடிந்திருந்தன. அதிகம் பேசவில்லை, தானே இலை போட்டுப் பரிமாறினார். நானும் சாம்பார்வரை ஒழுங்காகத்தான் இருந்தேன். ரசம் ஊற்றும்போது மரியாதைக்காக ஒரு வார்த்தை கேட்டார் மனிதர்.

"நீங்க ஜூடோ விளையாடுவீங்கன்னு புவனா சொன்னுச்சே?"

எதிரே புவனா கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரெஸ்லிங்னா பலம் அண்ணே. ஜூடோன்னா மூளை" என்று தொடங்கியவன், ரசம் ஆறிப்போகும்வரை நிறுத்தவில்லை. ஜூடோவில் எதிராளியின் முதுகு தரையில் நன்றாக விழுந்தால் ஆட்டம் அதோடு முடிந்தது. மல்யுத்தத்தில் தூக்கிப் போட்ட பிறகும் உருண்டுகொண்டே கிடப்பார்கள், இரண்டு தோளையும் தரையில் அழுத்தும்வரை ஓயமாட்டார்கள். ஜூடோவில் வணக்கம் உண்டு, உடை உண்டு, நாகரிகம் உண்டு. இப்படியே போயிற்று. மல்யுத்தக்காரர் வீட்டில், மல்யுத்தக்காரர் ஊற்றிய ரசத்தைக் குடித்துக்கொண்டே சொன்னேன்.

லோகன் பொறுமையாகக் கேட்டார். "சரி பாஸ். ஒருத்தன் வந்து உங்க கால புடிச்சா?"

"புடிக்கக் கூடாது அண்ணே. இடுப்புக்குக் கீழ கை வச்சா தப்பு."

"யாரு சொன்னா?"

"ஜூடோ ரூல்ஸ்."

"கால புடிக்க வர்றவனுக்கு அது தெரியுமா?"

புவனாவின் அம்மா அவசரமாக எனக்கு இன்னொரு அப்பளம் வைத்தார்.

கை கழுவப் போன இடத்தில் சமையலறைப் பேச்சு காதில் விழுந்தது. "வாய் ஜாஸ்தி லா ம்மா. இவர கட்டிக்கிட்டா புவனா காலம் பூரா உக்காந்து கேட்டுக்கிட்டே இருக்கணும். எனக்கு சரியா படல" என்றது லோகனின் குரல். அறிவுள்ளவன் இந்த இடத்தில் என்ன செய்வான்? அமைதியாக உட்கார்ந்து பாயசத்தைப் புகழ்வான். நான் நேரே போய், "அண்ணே, நீங்க ரெஸ்லிங் சொல்லிக்கொடுக்குற ஹால பாக்கணும். நாம ஒரு ரவுண்டு போடலாமா?" என்றேன். ஜெயித்துக் காட்டினால் பெண் கொடுப்பார் என்று கணக்கு.

"போலே லா, போடலாம்" என்றார் லோகன், ஒரு விநாடிகூட யோசிக்காமல்.

ஹால் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. இடைநிலைப்பள்ளிப் பெண்கள் ஒரு வரிசையே பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். லோகன் அவர்கள் நடுவே நடந்து போனார். நன்றாகச் செய்தவளின் முதுகில் பட்பட்டென்று இரண்டு தட்டு தட்டினார். தட்டு வாங்கியவளின் முகம் மலர்ந்தது. அந்த ஹாலில் பாராட்டுக்கு வேறு வார்த்தையே கிடையாது என்று கவனித்திருந்தால் புரிந்திருக்கும். நான் கவனிக்கவில்லை. வெள்ளை உடையை மாட்டி, பெல்ட்டின் முடிச்சை அழகாகக் கட்டுவதில் மும்முரமாக இருந்தேன்.

"என்னா தம்பி இது?" என்றார் வேடிக்கை பார்க்க வந்திருந்த புவனாவின் அம்மா.

"ஜூடோ ஜாக்கெட் ஆன்டி."

'ஜாக்கெட்' என்றதும் வரிசையில் இருந்த பெண்கள் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள்.

லோகன் உடம்போடு ஒட்டிய கையில்லாத உடையில் வந்து நின்றார். ஜூடோவில் முதல் வேலை எதிராளியின் காலரைப் பிடிப்பது. லோகனுக்குக் காலர் இல்லை, கை இல்லை, பெல்ட்டும் இல்லை. பிடிக்கத் தோதாக இருந்தவை அந்த இரண்டு காதுகள்தாம். அதற்கு எனக்குத் தைரியம் இல்லை. முறைப்படி வணங்குவதற்காகக் குனிந்தேன். அதே நேரம் அவர் கைகுலுக்கக் கையை நீட்டினார். அது நேராக என் உச்சந்தலையில் வந்து அமர்ந்தது. பார்த்தவர்களுக்கு நான் ஆசீர்வாதம் வாங்கிய மாதிரிதான் இருந்திருக்கும்.

அடுத்து நடந்ததற்கு நான் பொறுப்பல்ல. லோகன் பாய்ந்து வந்தார். நான் பயந்துபோய்த் திரும்பி ஓடப் பார்த்தேன். அவர் கை என் அக்குளில் மாட்டிக்கொண்டது. ஜூடோவில், எதிராளிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, இடுப்பில் ஏற்றிப் போடும் வீச்சு ஒன்று உண்டு. நான் ஓடியது அதுவாக அமைந்துவிட்டது. தொம்மென்ற சத்தம். பார்த்தால் லோகன் மல்லாந்து கிடக்கிறார்!

என்னைப் பொறுத்தவரை ஆட்டம் முடிந்தது. முதுகு தரையில் பட்டாயிற்று, கல்யாணம் நிச்சயமாயிற்று. உடையைச் சரிசெய்துகொண்டு, புவனா இருந்த பக்கம் திரும்பி, கம்பீரமாகக் குனிந்து வணங்கினேன்.

"கீழ பாருங்க! கீழ!" என்று கத்தினாள் புவனா.

கீழே பார்த்தேன். என் இரண்டு காலும் லோகனின் கைக்குள் இருந்தன. அவருடைய ஆட்டம் முடியவில்லை, அப்போதுதான் தொடங்கியிருந்தது. இன்னார் என் காலை வாரிவிட்டார் என்று அலுவலகத்தில் எத்தனையோ முறை புலம்பியிருக்கிறேன். நிஜமாக வாரினால் எப்படி இருக்கும் என்பது அன்றுதான் புரிந்தது.

குப்புற விழுந்தேன். நல்லதாகப் போயிற்று என்று ஆமை மாதிரி சுருண்டுகொண்டேன். ஜூடோவில் அப்படிக் கொஞ்ச நேரம் கிடந்தால் நடுவர் நிறுத்திவிட்டு, எழுந்து நில்லுங்கள் என்பார். நான் நடுவருக்காகக் காத்திருந்தேன். அங்கே நடுவரே இல்லை. மல்யுத்தத்தில் குப்புறக் கிடப்பவனைப் புரட்டிப்போடுவதுதான் வேலையே. லோகனின் கை என் அக்குளுக்குள் நுழைந்து பிடரியில் வந்து உட்கார்ந்தது. பிறகு மெதுவாக, லோரி டயரை நெம்புகிற மாதிரி, என்னை நெம்பத் தொடங்கினார். கழுத்துக்குள் என்னவோ முனகியது. தாங்க முடியவில்லை. எட்டிய கையால் அவர் முதுகில் இரண்டு தட்டு தட்டினேன்.

"தேங்க்ஸ் பாஸ்" என்றார் லோகன். பிடி இறுகியது.

கேட்கவில்லையோ என்று பலமாகத் தட்டினேன்.

"அலமாக்! சந்தோஷம் பாஸ்" என்று இன்னும் உற்சாகமாக நெம்பினார். கத்தலாம் என்றால் என் வாய் தரையில் விரித்த மெத்தையில் அழுந்தியிருந்தது. பிறந்ததிலிருந்து ஓயாத வாய், வேண்டிய ஒரே நேரத்தில் அடைத்துக்கொண்டது. நான் தவில்காரர் போல வாசித்துத் தள்ளினேன். தட்டத் தட்ட அவருக்கு உற்சாகம், அவருக்கு உற்சாகம் ஏற ஏற எனக்குத் தட்டு. கடைசியில் என் இரண்டு தோளும் தரையைத் தொட்டன. ஆட்டம் முடிந்தது என்று ஒரு பெண் மெத்தையை ஓங்கி அறைந்தாள். விட்டார்.

மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்தபடி கிடந்தேன். எல்லாம் போயிற்று, புவனா இனி எனக்கு இல்லை என்று நினைத்தபோது கண்ணில் நீர் வந்தது. எழுந்து பார்த்தால் லோகன் கண்ணிலும் நீர்.

"பாத்தீங்களா?" என்றார் அந்தப் பெண்களிடம். "இத்தனை வருசமா ரெஸ்லிங் மெத்தையில இருக்கேன். ஜெயிச்சவன் தட்டிக் கொடுத்துப் பாத்திருக்கேன். தோத்துக்கிட்டே இருக்கும்போது எதிராளிய ஒருத்தர் தட்டிக் கொடுத்து இன்னிக்குத்தான் பாக்குறேன். அதுவும் நிறுத்தாம! வாய் பேசுனா பேசட்டும் லா. இந்த மனசு யாருக்கு வரும்?" என் கையைப் பிடித்துத் தூக்கினார். "மாப்பிள்ளை, எழுந்திரிங்க."

அதுவரை நான் பாஸ். அந்த ஒரு சொல்லில் எல்லாம் முடிந்தது. ஹாலே கைதட்டியது. இல்லை, நான் தட்டியது வேறு அர்த்தத்தில் என்று சொல்ல வாயைத் திறந்தேன். புவனா ஒரு பார்வை பார்த்தாள். வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடினேன்.

கிளினிக்குக்குப் போகும் வழியில் கேட்டேன். "தட்டினா விடணும்னு உனக்குத் தெரியும்தானே? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வந்தேன். அண்ணன் கண்ணு கலங்குறது தெரிஞ்சுச்சு. அந்த நேரத்துல சொன்னா கல்யாணமே போயிருக்கும்" என்றாள் காரை ஓட்டிக்கொண்டே. "ஒரு கழுத்துதானே லா."

எங்கள் நிச்சயதார்த்தப் படங்களில் மாலைக்குள்ளே தெரியும் வெள்ளைப் பட்டை நகை இல்லை, கழுத்துப் பட்டை. கல்யாண விருந்தில் லோகன் மைக்கைப் பிடித்து, தட்டிக் கொடுத்த மாப்பிள்ளையின் கதையை முழுவதும் சொன்னார். தீபாவளிக்குத் தீபாவளி இன்றும் சொல்கிறார். ஒவ்வொரு வருடமும் நான் தட்டிய தட்டுகள் கூடிக்கொண்டே போகின்றன. உண்மை தெரிந்தவர்கள் புவனாவும் நானும்தான்.

இப்போதும் வீட்டில் வாக்குவாதம் வந்தால், தாங்க முடியாத கட்டத்தில் நான் சாப்பாட்டு மேசையில் இரண்டு தட்டு தட்டுவேன். தோற்றுவிட்டேன், விட்டுவிடு என்று அர்த்தம். புவனாவுக்கு அது நன்றாகவே தெரியும்.

"தேங்க்ஸ் பாஸ்" என்பாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.