புகைப்படத்தில் உள்ளபடி

அறுபது வயதான மர ரயில்பெட்டி ஒன்றைப் பழமை மாறாமல் புதுப்பித்து, சுற்றுலாப் பயணிகளை ஏற்றி ஓட்டுவதென்று 1973-ல் மேலிடம் தீர்மானித்தது. வேலை, ஆவடிப் பக்கத்து ஷெட்டில் ஃபிட்டர் நாகப்பன் தலையில் விழுந்தது.

மூன்று மாதம் நாகப்பன் அந்தப் பெட்டியோடு மல்லுக்கட்டினார். உளுத்த பலகையை மாற்றினார், கூரை ஒழுகலை அடைத்தார், விரல் பட்டாலே கதவு மூடிக்கொள்ளும்படி செய்தார். பெண்டாட்டி கன்னியம்மாவைக்கூடக் கூட்டிவந்து காட்டினார்.

“நம்ம ஊட்டுக் கதவு இன்னும் கயித்துலதான் தொங்கிகினுகீது” என்றாள் அவள்.

பழமைப் பாதுகாப்பு அதிகாரி பார்த்தசாரதி பழைய புகைப்படம் ஒன்றோடு வந்தார். வந்ததும் முகம் சுளித்தார்.

“கதவு ஏன் நேராக இருக்கிறது?”

“கதவுன்னா நேராத்தானே சார் இருக்கணும்?”

“படத்தில் ஒற்றைக் கீலில் தொங்குகிறது. சரித்திரத்தைத் திருத்த உமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?”

நாகப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு கீலைக் கழற்றினார். மறுநாள் ஜன்னல்களை உடைக்க உத்தரவு. அதற்கடுத்த நாள் கூரையில் ஓட்டை போட உத்தரவு. பெற்ற பிள்ளையை அடிப்பது போலிருந்தது அவருக்கு. ஓட்டையின் அளவு பார்க்கப் படத்தை வாங்கியவர், தற்செயலாகப் பின்பக்கம் திருப்பினார்.

“சார்! ‘தடம் புரண்ட மறுநாள் எடுத்தது’ன்னு எழுதிக்கீது! ஆக்சிடென்ட் ஆன பெட்டி சார் இது! எல்லாத்தையும் சரி பண்ணிடட்டுமா?”

பார்த்தசாரதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“நல்லவேளை சொன்னீர். பெரும்பிழை நேர இருந்தது. பெட்டி இன்னும் தண்டவாளத்தின் மேலேயே நிற்கிறதே!”

திறப்பு விழாவன்று மேளம் முழங்க, ஜாக்கி வைத்துத் தூக்கி, பெட்டியைத் தடத்திலிருந்து இறக்கிச் சாய்த்து மாலை போட்டார்கள். பயணிகள் சரிந்தபடியே உட்கார்ந்திருந்துவிட்டு நடந்தே வீடு திரும்பினார்கள். ஒரு நாளும் தாமதமாக வந்து சேராத ஒரே ரயில் என்று அதற்குக் கேடயமும் கிடைத்தது.

பெட்டியின் வால் பக்கம் மெயின் லைனில் நீட்டிக்கொண்டிருந்ததால், மற்ற ரயில்கள் தினமும் மணிக்கணக்கில் நின்றன. ஒரு மாதம் கழித்து, அந்த ரயில்களில் தொழிற்சாலைக்குப் போகிற ஹாஜா மொய்தீன் நானூறு பேர் கையெழுத்திட்ட மனுவோடு ஷெட்டுக்கு வந்தார். பெட்டியை நிமிர்த்த ஜனங்களே கிளம்பிவிட்டார்கள் என்று நினைத்து நாகப்பன் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டார். ஆசையோடு வாங்கிப் படித்தார்.

“எங்கள் ரயிலும் நகர்வதில்லை. கூரை ஒழுகுகிறது. கதவு மூடுவதில்லை. ஆகவே எங்களையும் பாரம்பரியப் பயணிகளாக அறிவித்து, மாலை போட வேண்டுகிறோம்.”

“இன்னா அண்ணாத்தே யோசிக்கிற? நீயும் ஒரு கையெழுத்து போடு” என்றார் ஹாஜா மொய்தீன்.

நாகப்பன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவை வாங்கினார்.