மாப்பிள்ளை இங்கேயே இருக்க வேண்டி

லுப்லின்

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா எதெரி அவர்களுக்கு,

போகுமில் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் மனைவி ஹலினாவும் உங்கள் மகன் லெவானும் நலம். அங்கே உங்கள் நாட்டில், குட்டாய்சியில் நீங்களும் உங்கள் திராட்சைத் தோட்டமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். என் மகள் கிங்காவின் பெயர் இதில் இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். அவள் வீட்டை விட்டுப் போய்விட்டாள்.

பெண்ணைப் பெற்றவன் சம்பந்திக்கு எழுதினால் மாப்பிள்ளையைத்தான் குறை சொல்வான். என் தலையெழுத்து, மகளைச் சொல்ல வேண்டியிருக்கிறது. "நிரந்தரமா இங்க தங்கற அட்டைக்காகத்தான் என்னைக் கட்டிக்கிட்டான்" என்று சண்டை போட்டவள், தோழி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு விவாகரத்து என்கிறாள். அட்டைக்கு மனுப் போட்டிருக்கும் நேரத்தில் பிரிந்தால் மனு போச்சு, மாப்பிள்ளை மூட்டை கட்ட வேண்டியதுதான். அப்புறம் என்னோடு காட்டுக்குக் காளான் பறிக்க யார் வருவார்?

நேற்று, இருவரும் சேர்ந்துதான் வாழ்கிறார்களா என்று விசாரிக்க ஒரு அதிகாரியம்மா வருவதாகத் தகவல் வந்ததும் கிங்காவைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துவந்து மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார வைத்தேன். வந்த அம்மா வாசலில் காலணியைக் கழற்றினார். விருந்தாளிக்கு வீட்டுச் செருப்பு கொடுக்காவிட்டால் ஹலினாவுக்கு மூச்சு நின்றுவிடுமே, ஓடிப்போய்க் கிங்காவின் செருப்பையே எடுத்துக் கொடுத்துவிட்டாள். கிங்கா வெறும் காலுறையோடு நிற்கிறாள்.

"உங்க செருப்பு எங்கம்மா?"

"நீங்க போட்டிருக்கறதுதான்."

அந்த அம்மா சிரித்துவிட்டார், தேநீர் குடித்தார், கிளம்பவும் எழுந்துவிட்டார், தப்பித்தோம்னு நான் நினைக்கறேன், அப்பத்தான் உங்க மகன் வாயத் திறக்கறான். "செருப்பு அவளோடதுதான் மேடம். ஆனா அவ இப்ப இங்க குடியிருக்கல. கோவிச்சுக்கிட்டுப் போயிட்டா. பொய் சொல்லி இந்த ஊர்ல இருக்க எனக்கு மனசு வரல." அந்த அம்மா மறுபடி உக்காந்து எழுதினாங்க எழுதினாங்க, எழுதிக்கிட்டே இருந்தாங்க. அவங்க போனதும் கிங்காவும் தோழி வீட்டுக்கே திரும்பிட்டா. "ஏன் மாப்ள இப்படிப் பண்ணீங்க?"ன்னு கேட்டா, "அவ நம்பாத வீட்ல அட்டைய வச்சுக்கிட்டு என்ன மாமா பண்றது"ங்கறான். எனக்கு உக்காந்தா நிக்கத் தோணுது, நின்னா உக்காரத் தோணுது. நீங்கதான் அவனுக்குப் போன் பண்ணி, ஏதோ உளறிட்டேன்னு அந்த அதிகாரியம்மாகிட்ட போய்ச் சொல்லச் சொல்லணும். அவன் இல்லாம இந்த வீட்ல என்னால இருக்க முடியாது.

தங்கள் குடும்பத்தைக் கடவுள் குறைவின்றிக் காக்கட்டும்.

மகளுக்குத் தகப்பன், மாப்பிள்ளை கட்சி,
போகுமில்

பி.கு.: உறையை ஒட்டப் போகையில் கிங்கா பெட்டியோடு வந்து நின்றாள். "அட்டைக்காக வந்தவன் அதை இப்படித் தூக்கிப் போடுவானாப்பா?" என்று அழுதாள். நானும் அழுதேன். பிறகு அவளும் மாப்பிள்ளையும் அறைக்குள் பேசி முடித்து, மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு உங்கள் ஊருக்கே வந்துவிடுவதாகச் சொல்கிறார்கள். "இனிமே அவன் ஊர்ல நான் அட்டை கேட்டு நிக்கறேன், அதுதான் நியாயம்" என்கிறாள். ஆகையால் போன் பண்ண வேண்டாம். அங்கே வெளிநாட்டு மருமகளுக்கு அந்த அட்டை எத்தனை வருடத்தில் கிடைக்கும், நடுவில் சண்டை போட்டுக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று மட்டும் விசாரித்து எழுதுங்கள். என் மகளை எனக்குத் தெரியும்.