மெம்பர் தூக்கிய கை

லிங்கம் தூக்கிய கையை இறக்குவதற்குள் எண்ணி முடித்துவிட்டார்கள்.

அவர் கையைத் தூக்கியது தேத்தண்ணிக்கு. பிரதேச சபைக் கூட்டத்தின் நடுவே தேத்தண்ணி வரும். கொண்டு வருகிறவர் வாசலில் நின்று தட்டைக் காட்டுவார். சீனி வேண்டாதவர்கள் கையைத் தூக்கினால் அந்தக் கோப்பை அவர்களைத் தேடிப் போகும். பேச்சுக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று சபையில் பழகிப்போன முறை அது. பழைய உறுப்பினர்கள் இதற்கு ஒரு விரலைத்தான் தூக்குவார்கள். லிங்கம் புது உறுப்பினர், சீனி வியாதிக்கும் புதிது. வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை மாதிரி முழுக் கையையும் தூக்கினார்.

அதே நேரத்தில்தான் தவிசாளர், "இந்த வருசத்து கொங்கிரீட் பாதை எதிர்மலைக் கிராமத்துக்குப் போகட்டும் என்கிறவங்க கையை உயர்த்துங்க" என்று முடித்திருந்தார். ஒரு வாக்கில் தீர்மானம் நிறைவேறியது. அந்த ஒரு வாக்கு லிங்கத்துடையது.

லிங்கம் எழுந்தார். "தவிசாளர் அவர்களே, நான் கை தூக்கினது பாதைக்கு இல்ல."

"அப்ப எதுக்கு?"

சபையே திரும்பிப் பார்த்தது. சரியாக அந்த நேரம் பார்த்து கோப்பை வந்து அவர் முன்னால் உட்கார்ந்தது. சொல்லியிருந்தால் ஒரு நாள் சிரிப்போடு போயிருக்கும். வெட்கம் விடவில்லை.

"ஒண்ணுமில்லீங்க" என்று உட்கார்ந்து அதைக் குடித்தார்.

தோற்றுப்போனது அவருடைய சொந்த வட்டாரத்துப் பாதை. பெரகல சந்தியைத் தாண்டி, பெரிய ரோட்டிலிருந்து செம்பாறைத் தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக்கு இறங்குகிற பாதை. பாதை என்று மரியாதைக்குச் சொல்வதுதான். ஆட்டோ மேலேயே நின்றுவிடும். நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏற வேண்டும். இந்தப் பாதையைச் சொல்லித்தான் லிங்கம் வாக்குக் கேட்டார். கூடவே இன்னொரு வாக்குறுதியும் கொடுத்தார்: ஒவ்வொரு சபைக் கூட்டம் முடிந்ததும் கோயிலடிக்கு வந்து, என்ன முடிவானது என்று மைக்கில் சொல்வேன் என்று. அதைக் கேட்டு யாரும் வாக்குப் போட்டதாகத் தெரியவில்லை. ஆனால் மனிதர் அதை ஒரு மாதமும் தவறவிட்டதில்லை.

"உள்ளதச் சொல்லிருங்க. திட்டுவாங்க, அப்புறம் மறந்துருவாங்க" என்றாள் மனைவி சந்திரகாந்தி. சந்தியில் இருக்கிற அவர்களுடைய ஹார்ட்வெயார் கடையை உண்மையில் நடத்துவது அவள்தான்.

"சொல்லத்தான் போறேன்" என்றார் லிங்கம்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில் நல்ல கூட்டம். ஸ்பீக்கர் போடும் அழகையா மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு நீட்டினார். லிங்கம் நாய்களுக்கு ஊசி போடுவதைச் சொன்னார். சந்தைக் கடைகளின் கூரையைச் சொன்னார். நூலகத்துக்கு இனிமேல் தமிழ்ப் பத்திரிகையும் வரும் என்பதை இரண்டு தடவை சொன்னார்.

"பாத என்னாச்சுங்க மெம்பர்?" என்றாள் குணமணி. மாதர் சங்கத் தலைவி. கொழுந்துக் கூடையோடு அவள் நின்றால் கங்காணியே நிறுவையை மறுபடி சரிபார்ப்பார்.

லிங்கம் வாயைத் திறந்தார். முன்வரிசையில் யசோதினி நிறைமாதத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாத... ஒத்திப் போட்டிருக்கு" என்றார்.

கல் விழும் என்று நினைத்தார். ஒன்றும் விழவில்லை. குணமணி மெதுவாகத் தலையை ஆட்டினாள்.

"சரிங்க. சபைன்னா அப்படித்தான். ஆனா மழ வருதுங்களே, அந்த வளைவுல மட்டும் ஒரு லொறி கல்லு கொட்டுனா புள்ளத்தாச்சி பொண்ணு வழுக்கி விழாம போவா."

ஒரு லொறி கல்லோடு போகிறதே என்று லிங்கத்துக்கு உயிர் வந்தது. "நாளைக்கே கொட்டுறேன்!"

கொட்டினார். அன்றிரவே மழை பெய்தது. வளைவில் இத்தனை காலமாகத் தன் பாட்டில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் கல்லைக் கண்டதும் திரும்பி, நேராகத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குள் போனது. விடியும்போது குணமணியின் அடுப்பு மிதந்தது.

"நாங்க கொற சொல்லலீங்க. நாங்க எல்லாரும் சபைக்கு வந்து, பாதைய ஏன் ஒத்திப் போட்டீங்கன்னு தவிசாளர்கிட்டயே கேட்டுர்றோம்" என்றாள் குணமணி.

"சபைக்கா? வேண்டாம்!" என்று லிங்கம் பதறினார். "தண்ணி வடிய பாதையோரமா ஒரு கான் வெட்டுனா அது பாட்டுக்குப் போயிரும். நானே வெட்டித் தர்றேன்."

வெட்டிய கான் அடுத்த மழைக்குச் சரிந்தது. சரியாமல் இருக்க இரண்டு பக்கமும் கட்ட வேண்டும் என்றார்கள். கட்டச் சீமெந்து வேண்டும். கடையில் சீமெந்து இருந்தது, அதுதான் லிங்கத்துடைய துரதிர்ஷ்டம். மேசன் மொஹிதீனை அனுப்பினார். கான் முடிந்ததும் மொஹிதீன் கடைக்கு வந்து தலையைச் சொறிந்தார்.

"மொதலாளி, கான் நல்லாத்தான் இருக்கு. ஆனா பாதையில இருக்கிற மண்ணெல்லாம் கழுவிட்டு வந்து கானை மூடுது. மேல கொங்கிரீட் போட்டாத்தான் கான் நிக்கும்."

"போடாட்டி?"

"தண்ணி பழையபடி லயத்துக்குத்தான் போகும். அந்த அக்கா சபைக்குப் போறதுக்கு சாரிகூட எடுத்து வச்சிட்டாங்களாம்."

மறுநாள் பெரிய ரோட்டு முனையிலிருந்து கொங்கிரீட் போட ஆரம்பித்தார்கள். சபை தர மறுத்த பாதையை, சபை உறுப்பினர் தன் கடையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுமந்து போட்டார். தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கியதும் அவர்தான்.

ஆண்கள் வேலை முடிந்து வந்து கலவை சுமந்தார்கள். பெண்கள் தண்ணீர் தூக்கினார்கள். குணமணி லிங்கத்துக்கு ஒரு கதிரை போட்டு நிழலில் உட்கார வைத்தாள். இத்தனை மரியாதை தேர்தலில் வென்ற அன்றுகூடக் கிடைக்கவில்லை. லிங்கத்துக்கு அது முள்ளாகக் குத்தியது.

இதற்கிடையில் எதிர்மலையில் சபையின் இயந்திரம் வந்து இறங்கியது. பள்ளத்தாக்கைத் தாண்டி அது கொங்கிரீட் கலக்கும் சத்தம் நாள் முழுக்கக் கேட்டது.

"அங்க என்ன வேல நடக்குதுங்க?" என்றாள் குணமணி.

"அது... அது வேற திணைக்களம்."

"அப்படிங்களா" என்றாள் அவள். பக்கத்தில் நின்றவர்களும், "அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். இவ்வளவு நல்ல சனத்தை ஏமாற்றுகிறோமே என்று லிங்கத்துக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

கடையில் சந்திரகாந்தி இடுப்பில் கை வைத்து நின்றாள். "வெலிமடையில இருந்து வீடு கட்டுற ஆளு வந்து சீமெந்து கேட்டாரு. இல்லன்னு அனுப்பிட்டேன். நம்ம கடையில சீமெந்து இல்லையாம்! ஏங்க, ஒரு தேத்தண்ணிக்கு இவ்வளவா?"

"பாத முடியட்டும், சொல்லிர்றேன்."

"பாத முடிஞ்சா கடையும் முடிஞ்சிரும்."

அடுத்ததாக மாதர் சங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. பாதையைப் போட விட்டதற்காகத் தவிசாளரை அழைத்து வந்து மாலை போட்டு நன்றி சொல்ல வேண்டுமாம். லிங்கம் தவிசாளருக்கு இடுப்பு வலி என்றார். குணமாகும் வரை காத்திருக்கிறோம் என்றார்கள். அவர் வெளியூர் போகிறார் என்றார். வந்த பிறகு அழைப்போம் என்றார்கள். கடைசியில், "அவரு மாலையே போட்டுக்க மாட்டாரு. அதுக்குப் பதிலா ஆயம்மா வீட்டுத் திருப்பம் வரைக்கும் கொங்கிரீட்ட நீட்டிருவோம்" என்று தப்பித்தார். பிள்ளைமடுவத்தில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயம்மாவின் வீட்டுத் திருப்பத்துக்கு அப்பால் மிச்சமிருந்தது கோயில் வரைக்குமான துண்டு மட்டுந்தான்.

அந்த வாரம் யசோதினிக்கு வலி கண்டது. ஆட்டோ திருப்பம் வரைக்கும் இறங்கி வந்து, அவளை ஏற்றிக்கொண்டு, ஒரு தடவைகூட வழுக்காமல் மேலே ஏறியது. அந்தப் பிரிவில் நாற்காலியில் தூக்கிப் போகப்படாமல் பிரசவத்துக்குப் போன முதல் பெண் அவள்.

அடுத்த சபைக் கூட்டம் முடிந்த ஞாயிற்றுக்கிழமை லிங்கம் கோயிலடிக்கு வந்தபோது, கையில் பிள்ளையோடு அவள் நின்றாள்.

"நீங்க போட்ட பாதையிலதாங்க எம்புள்ள வீட்டுக்கு வந்துச்சு" என்றாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

குணமணி பொன்னாடையை விரித்தாள். லிங்கத்தால் அதைத் தாங்க முடியவில்லை. தோளைப் பின்னால் இழுத்துக்கொண்டு அழகையாவிடமிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"இத எனக்குப் போடாதீங்க. நான் பொய் சொல்லிட்டேன். பாதைய யாரும் ஒத்திப் போடல. எதிர்மலைக்குக் குடுத்துட்டாங்க. ஒரு ஓட்டுல போச்சு, அந்த ஓட்டு என்னோடது. சீனி போடாத தேத்தண்ணிக்குக் கை தூக்குனேன், அத ஓட்டா எண்ணிட்டாங்க. எழும்பிச் சொல்ல வெக்கமா இருந்துச்சு. உங்ககிட்ட சொல்லப் பயமா இருந்துச்சு."

குணமணி விரித்த பொன்னாடையோடு அப்படியே நின்றாள்.

"இனி ஒளிவு மறைவு வேணாம்" என்றார் லிங்கம். பாரம் இறங்கிய நிம்மதியில் மைக்கை இன்னும் நெருக்கிப் பிடித்தார். "கடை வேலைய இன்னையோட நிப்பாட்டுறேன். மிச்சத் துண்ட சபையில நேரா கேட்டு, முறைப்படி வாங்கித் தர்றேன். எத்தன வருசமானாலும் சரி. நீங்க என்னைத் திட்டுங்க, கேட்டுக்கிறேன்."

யாரும் திட்டவில்லை. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அது தன்மேல் உள்ள வருத்தம் என்று லிங்கம் நினைத்தார். குணமணி பொன்னாடையை மெதுவாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, இன்னும் மண்ணாகக் கிடந்த அந்தக் கடைசித் துண்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

அழகையா மைக்கைத் திரும்ப வாங்கினார். சுவிட்சை அணைக்க மறந்துவிட்டதால் அவர் சொன்னது லயம் முழுக்கக் கேட்டது.

"என்னங்க மெம்பர் இப்படிப் பண்ணிட்டீங்க, சபைக் கூட்டம் அன்னைக்கே பேஸ்புக்குல நேரடியாப் போயி, நீங்க கை தூக்குனத நாங்க எல்லாரும் பாத்தாச்சு, கோயில் வாசலுக்கு கொங்கிரீட் வந்து சேர்ற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தெறக்கக் கூடாதுன்னு கட்டுப்பாடா இருந்தோம், இன்னும் ஒரு வாரம் உங்களால பொறுக்க முடியலையே!"