ஒரு மைல் துவக்கும் நாலடி நடைபாதையும்

நான் ஒரு மடையன். இதை நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் தங்கை சொல்லுவாள். அவள் சொன்னால் கதை இன்னும் நீளும். லண்டன் கிங்ஸ்பரியில், இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரை ஒட்டிக்கொண்டு நிற்கிற ஒரு வீட்டில் இருந்துகொண்டு, ஸோம்பிகள் படையெடுத்து வரப்போகும் நாளுக்காக நீண்டதூரத் துவக்கு ஒன்றைத் தெரிவுசெய்வதில் வாழ்க்கையின் நல்லதொரு பகுதியைச் செலவழித்தவன் நான். (துவக்கு என்றால் துப்பாக்கி. யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு அது துவக்குத்தான்.)

ஸோம்பியை அறியாதவர்களுக்காக ஒரு வரி: செத்த பிறகும் எழும்பி நடக்கும், ஆட்களைக் கடிக்கும், கடிபட்டவரும் ஸோம்பியாகிவிடுவார். கொரோனா தொடங்கிய நாட்களில், கடையொன்றில் கடைசி ரொய்லெற் பேப்பர் கட்டுக்காக இரண்டு மரியாதையான மனிதர்கள் கட்டிப்புரண்டதைப் பார்த்தேன். மனிதருக்கும் ஸோம்பிக்கும் இடையில் பெரிய தூரமில்லை என்று அன்றைக்கு எனக்குப் பட்டது. வீட்டுக்கு வந்து ஆயத்தத்தில் இறங்கிவிட்டேன்.

ஆயத்தம் என்றால் வீடியோ பார்ப்பது. எங்கோ ஓர் அமெரிக்கக் காட்டுக்குள் இருந்து ஒரு தாடிக்காரர் பாடம் எடுப்பார். ஸோம்பியைக் கிட்ட வரவிட்டால் கதை முடிந்தது, ஆகவே தூரத்தில் வைத்தே விழுத்த வேண்டும் என்பது அவருடைய கொள்கை. என்னுடையதும் அதுவே ஆயிற்று. ஒரு மைல் போகிற குண்டு போகும் வழியில் எவ்வளவு கீழே பதியும், காற்று அதை எந்தப் பக்கம் தள்ளும், பாரமான குண்டு நல்லதா பாரமில்லாத குண்டு நல்லதா, ஒவ்வொரு வெடிக்கும் கைப்பிடியை இழுத்துவிடுகிற துவக்கா, தானாகக் குண்டு ஏறுகிற துவக்கா? பல்கலைக்கழகத்தில் என்ன படிப்பது என்பதை அம்மா ஒரு மீனை வெட்டி முடிப்பதற்குள் முடிவுசெய்தவன் நான். இந்தத் துவக்கு விஷயத்தில் ஒரு வருசமாக மண்டையைப் போட்டு உடைத்தேன்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. எங்கள் வீட்டில் ஆகத் தூரம் தெரிகிற இடம் பின்பக்க ஜன்னல். அதில் நின்று பார்த்தால் அடுத்த வீட்டுக் குஜராத்திப் பெரியவரின் தோட்டக் கொட்டில் தெரியும். அவ்வளவுதான். ஒரு மைல் பாயும் குண்டுக்கு அந்தக் கொட்டில் வரைக்கும்தான் சோலி. ஆனாலும் நான் சளைக்கவில்லை. கொடியில் காயும் பெரியவருடைய உள்ளாடைகள் எந்தப் பக்கம் ஆடுகின்றன என்று பார்த்துக் காற்றுக் கணக்குப் போட்டுப் பழகினேன். (அவர் சில நாட்களின் பின் உடுப்புகளை உள்ளே காயப்போடத் தொடங்கினார். நான் காரணம் கேட்கவில்லை.)

இன்னொரு சிக்கல், இந்த நாட்டில் துவக்கு வைத்திருக்கப் பொலிசுக்கு நல்ல காரணம் காட்டவேண்டும். மான் வேட்டை என்றால் காரணம். ஸோம்பி என்றால் என்னை வேறு இடத்துக்கு அனுப்பிவைப்பார்கள். ஆகவே தெரிவை மட்டும் இப்போது செய்துவைப்பது, உலகம் அழியும் அன்றைக்குப் போய் எடுத்துக்கொள்வது என்று திட்டம். எங்கே போய் எடுப்பது என்பதை நான் யோசிக்கவில்லை. பெரிய திட்டங்களில் இப்படிச் சில இடைவெளிகள் இருக்கத்தான் செய்யும்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர்: அம்மா, தங்கை மேகலா, நான். அப்பா போய் நெடுநாள். ஒரு நாள் நான் உற்சாகத்தில் குரல் எழுப்பிக் குண்டுகளைப் பற்றி மேகலாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா சமையலை விட்டுவிட்டுக் குசினிக்குள் இருந்து வந்தா.

"துவக்கு எண்ட சொல்லு இந்த வீட்டுக்குள்ள கேக்கப்படாது. விளங்கிச்சோ?"

அதில் பகிடி, சிரிப்பு ஒன்றும் இருக்கவில்லை. ஊரில் சண்டை நடந்தபோது துவக்குச் சத்தத்துக்குள்ளால் எங்கள் இருவரையும் இரண்டு கையிலும் இழுத்துக்கொண்டு வந்தவ அவ. இன்றைக்கும் அவவின் கட்டிலுக்குக் கீழே ஒரு பை இருக்கிறது. பாஸ்போர்ட்டுகள், பனடோல், துணிக்கட்டு, பிஸ்கட், ஒரு சோடிச் செருப்பு. அதைப் பற்றி அவ யாருக்கும் வீடியோ போட்டதில்லை.

அன்றிலிருந்து நானும் மேகலாவும் துவக்கைத் தும்புத்தடி என்று சொல்லத் தொடங்கினோம். (வீடு கூட்டுகிற, நீளப்பிடி வைத்த துடைப்பம்.) "நல்ல தூரம் போற தும்புத்தடி", "பாரம் குறைஞ்ச தும்புத்தடி" என்று நாங்கள் வாரக்கணக்காகக் கதைத்ததைக் கேட்டு அம்மாவுக்கு மகனைப் பற்றிப் பெருமை பிறந்துவிட்டது. கடைக்குப் போய், இருந்ததிலேயே நீளமான ஒன்றை வாங்கிவந்து என் அறைக் கதவில் சாத்திவைத்தா.

இப்படி இருக்கும்போதுதான் மேகலா ஒருவரை விரும்புவதாகச் சொன்னாள். பெயர் கதிரேசன். மதுரைக்காரர். கிழமை நாட்களில் ஒரு கொம்பனியில் கணக்குப் பார்க்கிறார். அம்மா நெடுநேரம் யோசித்துவிட்டு, "அண்ணன் பாத்து ஓம் எண்டு சொன்னால் எனக்கும் ஓம்" என்றா.

யாழ்ப்பாணத்து வழக்கப்படி தங்கை கரையேறிய பிறகுதான் அண்ணனுக்குக் கலியாணம். ஆகவே நான் ஓடிப்போய் ஓம் சொல்லியிருக்க வேண்டும். நானோ நாள் கடத்தினேன். இந்தக் கிழமை வேலை கூட, அடுத்த கிழமை பல்லு நோ என்று மாறி மாறிச் சாட்டு. மேகலா ஒரு நாள் என்னைக் குசினிக்குள் மறித்தாள்.

"அவரிட்டை என்ன குறை கண்டனீங்கள், அண்ணா? சந்திக்கவே இல்லையே!"

"குறை இல்லை. ஒரு கேள்விதான். நாளைக்கு ஒரு ஆபத்து வந்தால், உன்னை விட்டிட்டு ஓடமாட்டார் எண்டு என்ன நிச்சயம்?"

"என்ன ஆபத்து?"

"எதுவாயும் இருக்கலாம்."

"ஸோம்பியோ?"

நான் அடுப்பில் இருந்த சட்டியைத் திறந்து பார்த்தேன். அவள் கண் கலங்கிவிட்டது. "உங்கட விசருக்கு என்ர வாழ்க்கையை ஏன் அண்ணா இழுக்கிறியள்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். உண்மையான காரணம் அப்போது எனக்கே தெரியாது. அவள் போய்விட்டால், என் தும்புத்தடிக் கதைகளைக் கேட்க அந்த வீட்டில் ஒரு காது இருக்காது.

அடுத்த மாதம் என் பிறந்தநாள். மேகலா ஒரு டிக்கற்றை நீட்டினாள். லூயிஷாம் பக்கம் வெறுமையாகக் கிடந்த ஒரு பழைய அலுவலகக் கட்டடத்துக்குள், ஸோம்பி வேசம் போட்ட ஆட்களை விளையாட்டுத் துவக்கால் சுட்டுத் தப்பிவருகிற விளையாட்டு. "நானும் வாறன். விளையாட்டு முடிய அவரும் வருவார். மூண்டு பேருமாய் வீட்டை போய் அம்மான்ர கையால சாப்பிடுவம்" என்றாள். எனக்குச் சந்தோசத்தில் கண் தெரியவில்லை. அவள் என்னிடம் ஒரு விஷயத்தை மறைத்திருந்ததும் தெரியவில்லை.

ஞாயிறு காலை போனோம். பட்டாளத்துச் சட்டை போட்ட மொட்டைத்தலை வெள்ளைக்காரர் ஒருவர், வெளிச்சம் பாய்ச்சுகிற துவக்குகளை மேசையில் பரப்பி வைத்திருந்தார். மேகலாவுக்கும் எங்களோடு வந்த மற்றவர்களுக்கும் கைக்கடக்கமான ஒன்றைக் கொடுத்தார். நான் சுவரில் அழகுக்குத் தொங்கிய, தூரம் பார்க்கும் கண்ணாடி பூட்டிய நீளமான ஒன்றைக் காட்டினேன்.

"உள்ளே இடம் ஒடுக்கம், ஐயா" என்றார் அவர்.

நான் அவருக்கு நீண்டதூரச் சூட்டின் தத்துவத்தை விளக்கினேன். குண்டு பதிவதைச் சொன்னேன். காற்றுத் தள்ளுவதைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உள்ளே காற்று வீசாது" என்றார். பிறகு, இவனோடு கதைத்துப் பிரயோசனமில்லை என்று கண்டு, அதைக் கழற்றித் தந்தார்.

நடைபாதை நாலடி அகலம். என் துவக்கு நாலரையடி நீளம். முதல் திருப்பத்திலேயே அது குறுக்கே சிக்கியது. நிமிர்த்தினேன், கூரையில் இருந்த விளக்கைத் தட்டியது. திரும்பினேன், எனக்குப் பின்னால் வந்த பெண்ணின் தலையில் பட்டது. கொஞ்ச நேரத்தில் மற்றவர்கள் எல்லாரும் ஸோம்பியை மறந்து என் துவக்குக்குக் குனிந்து குனிந்து நடந்தார்கள். பிறகு எங்களை விட்டு வேறு பக்கமாகப் போய்விட்டார்கள். நானும் மேகலாவும் மட்டும்.

அப்போதுதான் அது வந்தது. இருட்டு அறையொன்றுக்குள் இருந்து, காலை இழுத்து இழுத்து, வாயால் இரத்தம் வழிய, அடிவயிற்றில் இருந்து ஒரு உறுமலோடு. நான் பயிற்சிப்படி மூச்சை அடக்கிக் கண்ணாடிக்குள் பார்த்தேன். ஒரு மைல் தூரத்துக்குச் செய்த கண்ணாடி. எனக்குத் தெரிந்தது ஒரு பென்னாம்பெரிய மூக்குத்துவாரம் மட்டும்.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் வடிவாகச் சொல்ல ஏலாது. "பிள்ளையாரே!" என்று யாரோ கத்தியது கேட்டது. (நான்தான்.) துவக்கு நிலத்தில் விழுந்தது. மேகலா "அண்ணா, நில்லுங்கோ!" என்று சொல்லி முடிப்பதற்குள் நான் நடைபாதை முடிவில் இருந்த கதவுக்கு அந்தப் பக்கம் போய், அதை அடித்துச் சாத்தி, முதுகைக் கொடுத்து நின்றேன்.

கதவு தட்டுப்பட்டது.

"அண்ணா! கதவைத் திறவுங்கோ!"

"ஏலாது! உன்னைக் கடிச்சிட்டுதோ?"

"இல்லை!"

"கடிபட்டவை எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம்!"

"விசர்க்கதை கதையாதேங்கோ! உங்களுக்குப் பின்னால ஓடி வந்து காலும் பிரண்டு போச்சு!"

பிறகு ஒரு ஆண் குரல், மிகப் பணிவாக: "அண்ணே, வணக்கம்ணே. நான் கதிரேசன். சனி, ஞாயிறு இங்கதான் வேல பாக்குறேன். கடிக்க மாட்டேன்ணே, கதவத் தொறங்க."

நிதானமான ஒரு மனிதனுக்கு இத்தோடு எல்லாம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கியது ஒன்றுதான்: ஸோம்பி தமிழ் படித்துவிட்டது. பக்கத்தில் இன்னொரு கதவு பச்சை வெளிச்சத்தில் தெரிந்தது. அதன் குறுக்குச் சட்டத்தில் முழுப் பாரத்தையும் கொடுத்துப் பாய்ந்தேன்.

அது தீ ஏற்பட்டால் மட்டும் திறக்கவேண்டிய கதவு. நான் வெளிப்படிகளில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே கட்டடம் முழுவதும் மணி அலறத் தொடங்கியது.

அடுத்து, தூறல் மழைக்குள், கார் நிறுத்துமிடத்தில், ஸோம்பிகள் எல்லாரும் வரிசையில் நின்றார்கள். மஞ்சள் சட்டைக்காரி ஒருத்தி அவர்களைப் பெயர் கூப்பிட்டுச் சரிபார்த்தாள். குடல் வெளியே தொங்கிய ஒருவர் கையை உயர்த்தி "வந்திருக்கிறேன்" என்றார். தெருவில் நின்ற இரட்டைத்தட்டு பஸ்ஸின் மேல்தட்டில் இருந்து சனம் போட்டோ எடுத்தது. தீயணைப்பு வண்டியும் வந்து சேர்ந்தது.

"கதிரேசன்" என்று மஞ்சள் சட்டைக்காரி கூப்பிட்டாள். பதில் இல்லை. இன்னொரு தரம் கூப்பிட்டாள். கதவுக்குப் பின்னால் பணிவாகக் கதைத்தது யார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. மேகலாவும் வரவில்லை. உள்ளே நெருப்பு இல்லை என்பது தெரிந்த ஒரே ஆள் நான். கால் பிரண்ட தங்கையை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்த ஆளும் நான். திரும்ப உள்ளே ஓடப் போனேன். தீயணைப்பு வீரர் என் சட்டைக் கொலரைப் பிடித்து நிறுத்தினார்.

முன்வாசலால் அவர்கள் வந்தார்கள். இரத்தம் வழிகிற ஒரு ஸோம்பி என் தங்கையைக் கைகளில் தூக்கிக்கொண்டு வந்தது. அவள் குளிரில் நடுங்காமல் இருக்கத் தன்னுடைய கிழிந்த கோட்டால் போர்த்தியிருந்தது. நெருப்பென்று நினைத்துக்கொண்டும் அவளை விட்டுவிட்டு ஓடாமல், அவ்வளவு படியும் தூக்கி வந்திருக்கிறார். நான் கேட்ட நிச்சயம் அதுதான். இனி வேறு என்ன கேட்பது?

மேகலாவை மெல்ல இறக்கி உட்காரவைத்துவிட்டு, கதிரேசன் என்னிடம் காலை இழுத்து இழுத்து வந்தார். (அவருக்குக் காலில் ஒன்றுமில்லை. பாத்திரத்தில் இருந்து அவ்வளவு கெதியாக வெளியே வரமாட்டாராம்.)

"அண்ணே, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்காதீங்க."

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

"என் உறுமல் எப்டிண்ணே இருந்துச்சு? உண்மையச் சொல்லுங்க."

எனக்கு அந்த மனிதரை அந்த நிமிசமே பிடித்துப்போனது.

வீட்டுக் கதவைத் திறந்த அம்மா, காது ஓரம் இன்னும் இரத்தம் காயாத மாப்பிள்ளையையும், நொண்டுகிற மகளையும் பார்த்தா. ஒரு கேள்வி கேட்கவில்லை. நேரே உள்ளே போய்க் கட்டிலுக்குக் கீழே இருந்த பையை இழுத்தா. துணிக்கட்டு மேகலாவின் காலுக்குப் போனது. பனடோல் இரண்டு எனக்கு வந்தது. மாப்பிள்ளையின் காயத்தைத் துடைக்கப் போனபோதுதான் அது சாயம் என்று தெரிந்தது. பிறகு மேகலா முழுக்கதையையும் சொன்னாள், ஒன்றையும் விடாமல். அம்மா சிரித்துச் சிரித்துச் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினா.

"இப்ப என்ன சொல்லுறாய்?"

"ஓம்" என்றேன். "ஓம், ஓம்."

கலியாணத்தன்று பெண்ணின் சகோதரன் தோழனாக மண்டப வாசலில் நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி உள்ளே அழைத்துவர வேண்டும். அதற்குப் பதிலாக மாப்பிள்ளை ஒரு மோதிரம் போடுவார். நான் பட்டுவேட்டியோடு குனிந்து பயபக்தியாகத் தண்ணீர் ஊற்றினேன். மேலே இருந்து, எனக்கு மட்டும் கேட்கும்படியாக, அடிவயிற்றில் இருந்து ஒரு உறுமல். செம்பு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அந்த வீடியோத் துண்டைப் பார்க்காத ஒரு சொந்தக்காரரும் இன்றைக்கு ஐரோப்பாவில் இல்லை.

இப்போது நான் துவக்கு வீடியோக்கள் பார்ப்பதில்லை. அம்மா வாங்கித் தந்த தும்புத்தடியால் வீடு கூட்டுகிறேன். பாரம் குறைவு, நல்ல தூரம் போகிறது. ஆனால் மனிதனுக்கு ஆயத்தம் வேண்டும் என்ற கொள்கையை விடவில்லை. சென்ற மாரியில் பெரிய புயல் வருகிறது என்று செய்தியில் சொன்னார்கள். உடனே மேகலாவுக்குப் போன் அடித்தேன்.

"இஞ்ச பார், பயப்பிடாதை. ஏதும் எண்டால் ரெண்டு பேரும் யோசிக்காமல் உடன இஞ்ச வாங்கோ. அரிசி இருக்கு, தண்ணி இருக்கு, மெழுகுதிரி இருக்கு. எல்லாம் நான் எடுத்து வைச்சிருக்கிறன்."

அண்ணனை நினைத்துத் தங்கை உருகிப்போவாள் என்று காத்திருந்தேன்.

"கதவு திறப்பியளோ?" என்றாள்.