பதினேழாம் நம்பரைத் தேடிப் போன ஊட்டி

கத்திரி வெயிலில் கழுத்து வரை பொத்தான் போட்ட கம்பளி ஸ்வெட்டரோடு சென்னையில் நடமாடிய ஒரே ஜீவன் எங்கள் ஊட்டிதான். இதை மறுப்பவர்கள் தொண்ணூறுகளில் அடையாறு பக்கம் வந்ததே இல்லை என்று அர்த்தம்.

ஊட்டி என்பது நாங்கள் வைத்த பெயர்; ஆள் சுத்தமான மயிலாப்பூர்க்காரர். நீலகிரியை வரைபடத்திலாவது பார்த்திருப்பாரா என்பது சந்தேகம். அடையாற்றில் ஒரு பழைய பங்களாவில் இயங்கிய சின்ன ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் லேப் டெக்னீஷியன், நான் டைப்பிஸ்ட். எங்கள் டாக்டரம்மா எச்.ஐ.வி. கிருமியை ஆராய்ந்துகொண்டிருந்தார். கிருமி தொற்றியவர்களிடம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் எடுத்து, சின்னச் சின்னக் குப்பிகளில் பிரித்து, பூஜ்யத்துக்குக் கீழே எழுபது டிகிரியில் உறைய வைப்பது ஊட்டியின் வேலை. அந்தப் பெட்டியைத் திறந்து திறந்து குளிர் எலும்புக்குள் போய்விட்டது, இனி வெளியே வராது என்பது அவர் கட்சி.

பஸ்ஸில் கண்டக்டர், "இன்னா சார், ஜுரமா?" என்று கேட்டால், "இல்லப்பா, உத்யோகம்" என்பார்.

ஒரு நாள் நண்பகலில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஒரு தடவை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. ஊட்டி ஓடி வந்து குளிர்பெட்டியின் மேல் இரண்டு கம்பளியைப் போர்த்தி, அதன் மேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். திறக்காத வரைக்கும் பெட்டி குளிரைப் பிடித்து வைத்திருக்கும்; திறந்தால் போயிற்று. அன்றைக்கென்று பார்த்து டில்லியிலிருந்து ஒரு பெரியவர் பார்வையிட வந்திருந்தார்.

"கொஞ்சம் திறந்து காட்டுங்களேன்" என்றார் அவர்.

"மாட்டேன் சார்."

டாக்டரம்மா கண்ணால் கெஞ்சினார். ஊட்டி அசையவில்லை. "இதுக்குள்ள பதினேழாம் நம்பரோட ஆறு வருஷம் இருக்கு சார். மூடியத் தொறந்தேள்னா ரசமாயிடும்."

பெரியவர் கட்டடம் முழுக்கச் சுற்றிவிட்டு வந்தார். ஊட்டி அதே இடத்தில். அந்த அறையில் சாப்பிடக் கூடாது என்பதால் அவருடைய தயிர்சாத டப்பா வராந்தாவில் தனியாக இருந்தது. நாலரை மணிக்குக் கரண்ட் வந்தது. இறங்கினால் இரண்டு காலும் மரத்துப்போய் நிற்க முடியவில்லை. நானும் வாட்ச்மேனும் தாங்கிப் பிடித்தோம். பெட்டியின் தெர்மாமீட்டர் ஏறவில்லை என்று பார்த்த பிறகுதான் வலிக்கிறது என்றே சொன்னார்.

பதினேழாம் நம்பர் யார் என்று சொல்ல வேண்டும். எங்களிடம் ரத்தம் கொடுப்பவர்களுக்குப் பெயர் கிடையாது, எண்தான். பதினேழு ஓர் ஆட்டோ டிரைவர். கிருமி உடம்பில் புகுந்து ஆறு வருடத்துக்கு மேலாகியும், மருந்து மாத்திரை ஒன்றும் இல்லாமலே கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். முன்பல் ஒன்று கிடையாது. அதையும் மறைக்காமல் சிரிப்பார்.

"இன்னா ஊட்டி சார், நம்மாளு எப்டி கீறான்?" என்றுதான் உள்ளே நுழைவார். 'நம்மாளு' என்றால் கிருமி.

ஒரு முறை டாக்டரம்மா செய்த பரிசோதனையின் முடிவு வந்திருந்தது. ஊட்டிக்கு வாய் நிற்கவில்லை. ஊசி குத்திக்கொண்டே ஆரம்பித்துவிட்டார்.

"உன் ஒடம்பு படு கெட்டிப்பா! நீ இப்பக் குடுத்த ரத்தத்தப் போன வருஷத்துக் கிருமி மேல விட்டுப் பாத்தோம். அப்படியே அமுக்கிப் போட்டுடுத்து."

"சூப்பர் சார். இப்ப கீற கிருமிய?"

"அத ஒண்ணும் பண்ணல."

பதினேழு சிரிப்பை நிறுத்தினார். ஊட்டி நிறுத்தவில்லை. "கிருமியப் புடிக்கறதுக்கு ஒடம்பு ஆன்டிபாடின்னு ஒண்ணு பண்ணும். அதத்தான் போலீஸுன்னு வச்சுக்கோ. உன் போலீஸ் போன வருஷத்து போட்டோவக் கையில வச்சிண்டு தேடறது. திருடன் அதுக்குள்ள மீசைய எடுத்துட்டுக் கண்ணாடி மாட்டிண்டு பக்கத்துலயே நிக்கறான். புது போட்டோ எடுத்துண்டு வரதுக்குள்ள தாடி வளத்துடறான்."

"அப்ப எப்பவும் லேட்டா?"

"எப்பவும் லேட்டு!" என்றார் ஊட்டி, ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல.

"டுபாக்கூர் போலீஸு" என்று முணுமுணுத்துவிட்டுப் பதினேழு எழுந்து போனார்.

அடுத்த தவணைக்கு அவர் வரவில்லை. ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. ஊட்டி காலையில் வந்ததும் கேட்டருகே போய் நிற்பார். என் மேஜைக்கு வந்து, "என் வாயில சாம்பல வச்சுத் தேக்கணும்மா" என்பார். மூன்றாவது வாரம், "ராயப்பேட்டை மார்க்கெட் ஸ்டாண்டுலதான் வண்டி போடறதா ஒரு தடவை சொன்னான். நீயும் வா. தனியாப் போனா எதையாவது ஒளறிடுவேன்" என்றார்.

ஒளறக் கூடாது என்பதுதான் முக்கியம். நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று அங்கே ஒருவருக்குத் தெரிந்தாலும் அந்த மனுஷனை ஸ்டாண்டில் சேர்க்க மாட்டார்கள். குடியிருக்கும் வீட்டையும் காலி பண்ணச் சொல்வார்கள். அந்தக் காலம் அப்படி.

மத்தியானம் பஸ் பிடித்துப் போனோம். போய் நின்ற பிறகுதான் ஊட்டிக்கு உறைத்தது: ஆறு வருடம் பழகிய ஆளின் பெயர் தெரியாது. நம்பரைச் சொல்லி விசாரிக்கவும் முடியாது.

"முன்பல்லு இல்லாத ஒருத்தர்..." என்று ஆரம்பித்தார்.

ஆறு டிரைவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பழம் விற்கும் அம்மாள் ஒருத்தி தள்ளுவண்டியை விட்டு எழுந்தே வந்துவிட்டாள். "யாரு நைனா நீ? இன்னா விசயம்? இந்த வெயில்ல இன்னாத்துக்கு இத மாட்டிக்கினு கீற?"

ஊட்டியின் நெற்றியில் வியர்வை ஊற்றியது. என்னைப் பார்த்தார். நான் கொய்யாப்பழத்தைப் பார்த்தேன்.

"நான்... ஸ்வெட்டர் விக்கறேம்மா."

"மே மாசத்துலயா?"

"அதான் மலிவு."

ஸ்டாண்டே சிரித்தது. அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. ஸ்வெட்டர் கையைக் கசக்கிப் பார்த்தாள். "சரக்கு நல்லாத்தான் கீது. எங்க வூட்டுக்காரரு விடிகாலைல லோடு எடுக்கப் போவாரு, பனி ஒத்துக்கல. கயட்டு, பாப்போம்."

வேறு வழியில்லை. ஊட்டி ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். உள்ளே ஓர் அரைக்கைச் சட்டை, இரண்டு பக்கமும் முருங்கைக்காய் மாதிரி கைகள். பேரம் நாற்பது ரூபாயில் படிந்தது. பணத்தை என்ன செய்வதென்று தெரியாமல் அவர் நிற்கும்போது ஓர் ஆட்டோ வந்து நின்றது. பதினேழு இறங்கினார், எங்களைத் தாண்டிப் போனார், நாலு அடி போனபிறகு திரும்பி வந்தார்.

"அட, நீங்களா! சொட்டர் இல்லாம அடையாளமே தெரியல சார்."

"பாத்தியா!" என்று துள்ளினார் ஊட்டி. "இதத்தான்யா அன்னிக்குச் சொன்னேன்!"

நான் அவர் காலை மிதித்தேன். பதினேழுக்குப் புரிந்துவிட்டது. "சவாரிதான, குந்துங்க" என்று எங்களை ஏற்றிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓட்டி, நொச்சிக்குப்பத்துப் படகுகளுக்கு அருகே, மீன் விற்பவர்களைத் தாண்டி நிறுத்தினார். எஞ்சினை அணைத்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"இனிமே வர்ல சார். எப்பவும் லேட்டா போற ஒடம்புக்கு இன்னாத்துக்கு ரத்தம் குடுத்துக்கினு..."

ஊட்டி இந்தத் தடவை மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"அன்னிக்கு நான் பாதிதான் சொன்னேன். மீதியக் கேளு. திருடன் எதுக்கு மீசைய எடுக்கறான்? போலீஸ் வாசல்ல நிக்கறதால. யாரும் தொரத்தலன்னா அவன் எதுக்குய்யா மாறணும்? உன் ஆறு வருஷக் குப்பியையும் வரிசையா வச்சுப் பாத்தோம். அது மாறிண்டே இருக்கு. ஒவ்வொரு மாத்தத்தையும் உன் ஒடம்பு பின்னாடியே போய்க் கண்டுபுடிச்சிருக்கு. சொல்லிக் குடுக்க ஆள் கெடையாது, மருந்து கெடையாது. லேட்டுதான், ஒத்துக்கறேன். ஆனா ஒரு நாள் லீவு போட்டதில்ல."

பதினேழு ஹேண்டில்பாரையே பார்த்துக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டையின் தோளில் முகத்தைத் துடைத்தார்.

"களைச்சுப் பூடாதா சார் அது?"

"போகும்" என்றார் ஊட்டி. பொய் சொல்லத் தெரியாது அவருக்கு. "அதுக்குள்ள மருந்து வரணும். அதுக்குத்தான் இத்தனை பேர் முட்டிண்டு கெடக்கோம்."

பிறகு பதினேழு எஞ்சினைக் கிளப்பினார். "லேபுக்கா, வூட்டுக்கா?"

"லேபுக்கு. மூணு வாரம் லேட்டு நீ."

அதற்குப் பிறகு அவர் ஒரு தவணைகூடத் தவறவில்லை. சில வருடங்கள் கழித்து மருந்து அவர் கைக்கு எட்டியபோது, வாங்கிக்கொள்ள அவர் இருந்தார். இப்போது அவருக்குப் பல் செட்டே இருக்கிறது.

ஊட்டியைப் பற்றி இன்னும் ஒன்று. அந்த வருடக் கடைசியில் டாக்டரம்மா தன் ஆராய்ச்சிக் கட்டுரையைச் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். நன்றி சொல்லும் கடைசிப் பக்கத்தில் மூன்று பேராசிரியர்கள், ஓர் இயக்குநர் எல்லாரும் வந்தார்கள். டாக்டரம்மா அவசரமாக போனுக்கு எழுந்து போனார். நான் வருகைப் பதிவேட்டை எடுத்து, ஊட்டிக்கு அவர் அப்பா வைத்த பெயரைத் தேடிக் கண்டுபிடித்து, கீழே ஒரு வரி சேர்த்தேன்.

படித்துக்கொண்டே வந்த டாக்டரம்மாவின் பேனா அங்கே நின்றது. "யார் இது?"

"நம்ம ஊட்டி, டாக்டர்."

அவர் அந்த வரியை அடிக்கவில்லை. சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இருபத்தெட்டு வருட சர்வீசில் யாரும் சொல்லாமல் நான் டைப் அடித்த வரி அது ஒன்றுதான். அதில் ஒரு பிழைகூட இல்லை.