ஐரிஸ் அக்காவுக்கு: நாங்கள் வரவில்லை

கிம்பா, தென் ஆஸ்திரேலியா,
ஜூலை 14

மதிப்புக்குரிய ஐரிஸ் அக்காவுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் மெர்வின் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் உடலளவில் நலம். தங்கள் முழங்காலும் தங்கள் ஊரான ஸ்ட்ரீக்கி பேயின் கடற்காற்றும் சமாதானமாக இருக்கும் என்று நம்புகிறேன். வெள்ளிக்கிழமை விருந்துக்கு ஆட்டுக்கால் வாங்கியிருந்தால் தனியாகவே சாப்பிட்டுவிடுங்கள். நாங்கள் வரவில்லை.

நாம் இருவரும் எவ்வளவு ரகசியமாகத் திட்டம் போட்டோம் என்பது தங்களுக்கே தெரியும். தங்கள் தாயாரின் இறுதிச் சடங்கில் பிள்ளைகள் பெயரையெல்லாம் வாசித்த தாங்கள் தங்கை நோலாவின் பெயரை மட்டும் விட்டுவிட்டீர்கள். தாள் ஒட்டிக்கொண்டது என்கிறீர்கள் நீங்கள், வேண்டுமென்றுதான் என்கிறாள் அவள், பதினோரு வருடமாகப் பேச்சில்லை. அதனால்தான் "தென்கரையைச் சுற்றிப் பார்ப்போம், வா" என்று வார்னம்பூல் வீட்டிலிருந்து அவளைக் கிளப்பினேன். முதலில் மவுண்ட் கேம்பியர் நீல ஏரி. குளிர்காலத்தில் அது சாம்பல் நிறமாகிவிடும் என்பதை நான் மறந்துவிட்டேன், அவள் மறக்கவில்லை. "நம்ம வீட்டு வாளித் தண்ணியே இதைவிட நீலமா இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் காரிலேயே உட்கார்ந்துகொண்டாள். அடுத்து கூராங் உப்பங்கழி. அங்கே கூழைக்கடாவைக் கிட்டே காட்டுகிறேன் பேர்வழி என்று காரையும் பின்னால் கட்டிய கேரவனையும் மணலில் இறக்கினேன். அச்சு வரை புதைந்துவிட்டது. மூன்று மணி நேரம் கழித்து ஒரு மீனவர் டிராக்டரோடு வந்தார். "பெரியவரே, யாரு இதை ரோடுன்னு சொன்னது?" என்றார். "இவருதான்" என்று நோலா என்னைக் காட்டினாள். இழுத்த இழுப்பில் கேரவன் கதவு கழன்று வந்துவிட்டது. அன்றிலிருந்து கதவுக்குப் பதில் என் மழைக்கோட்டு தொங்குகிறது.

இதையெல்லாம் தாண்டி, அக்கா, கிம்பா வரைக்கும் வந்துவிட்டோம். இங்கே நிற்கும் ராட்சதக் கிளிச் சிலையைப் படம் எடுக்க நான் இறங்கிய நேரத்தில், அவள் மூக்குக் கண்ணாடியைத் தேடிக் காரின் முன் பெட்டியைத் திறந்து, உங்கள் கடிதத்தை எடுத்துவிட்டாள். "எதையாவது சொல்லி அவளைக் கூட்டிட்டு வா" என்று எழுதியிருந்தீர்களே, அதேதான்.

"ஆயிரம் கிலோமீட்டர் தாண்டி நான் பார்க்க வந்த அதிசயம் எங்க அக்காவா?" என்றாள்.

"பாவம், வயசாயிடுச்சு நோலா, உன்னையே கேட்டுக்கிட்டு இருக்காங்க."

"என் பேரு ஞாபகம் இருக்காமா?"

கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தவள் இரண்டு மணி நேரமாக அசையவில்லை. நான் ரொட்டிக்கடையில் மூன்றாவது தேநீரோடு இதை எழுதுகிறேன். உங்கள் தங்கையின் பிடிவாதம் உங்களுக்குத் தெரியாததல்ல, அது உங்களிடமும் கொஞ்சம் உண்டு. மன்னித்துவிடுங்கள். நாளைக் காலையில் ஊர் திரும்புகிறோம்.

எல்லா நலமும் பெற்று நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
மெர்வின் டிரெலோர்

பி.கு.: தபால் தலை ஒட்டுவதற்குள் நோலா உள்ளே வந்து கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தாள். "நான் வரலைன்னு சொல்ல நீங்க யாரு? அவ மூஞ்சிக்கு நேரா நானே போய்ச் சொல்லிக்கிறேன்" என்றாள். காரை மேற்கே, உங்கள் ஊர்ப் பக்கமாகத் திருப்பிவிட்டாள், ஹாரன் அடிக்கிறாள். ஆகவே இந்தக் கடிதத்தை நாளை மதியம் என் கையாலேயே தங்களிடம் கொடுக்கிறேன்.