அருள்நாதமும் தலைவரின் வெளிநாட்டு மகனும்

அகக்கண் ஐயாவைப் பார்க்க வரும் கூட்டம் குளியலறை ஓடு விற்கும் கடையின் வாசலில் தொடங்கி, மாடிப்படி ஏறி, மேலே இருந்த வாடகைக் கூடத்தில் போய் முட்டி நின்றது. கடைக்காரர் ஓடு விற்பதைக் குறைத்துக்கொண்டு செருப்புக் காவலுக்கு மாறிவிட்டார். அதில் வரும்படி அதிகம். வேலை கிடைக்காதவர்கள் வந்தார்கள்; அவர்களுக்கு வேலை கொடுக்க மறுத்தவர்களும் வந்தார்கள். பரீட்சை எழுதப் போகிறவர்களோடு, அந்தப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் தயாரிப்பவரும் வரிசையில் நின்றார்.

ஐயாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. அதுதான் அவருடைய முதலீடு. வெளிக்கண்ணை மூடிய கடவுள் உள்கண்ணைத் திறந்துவிட்டாராம். எதிரே வந்து உட்காருகிறவர் வாய் திறக்குமுன்பே அவருடைய வேலை, வியாதி, வீட்டுச் சண்டை எல்லாவற்றையும் ஐயா புட்டுப்புட்டு வைப்பார். அதற்குச் சற்றுமுன் அவருடைய தலையைச் சுற்றி ஒரு ரீங்காரம் எழும், பாட்டிலுக்குள் அடைபட்ட வண்டு போல. மைக் அதை வாங்கிக் கூடம் முழுக்கப் பரப்பும். அதுதான் அருள்நாதம்! அதைக் கேட்டதும் மக்கள் பக்தியோடு கண்ணை மூடிக்கொள்வார்கள். கண் உள்ளவர்கள் அதை மூடிக்கொண்டபின் மற்ற வேலை சுலபம்தானே.

இந்தக் கூத்தைக் கேள்விப்பட்டு முதலில் கொதித்தவர் தலைவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கும் பார்வை இல்லை. முதுகு மட்டும் எந்நேரமும் நேராக இருக்கும். சனிக்கிழமைதோறும் நூலகத்தின் பின்னறையில் கூடும் பார்வையற்றோர் வட்டத்துக்கு அவர்தான் தலைவர். வேறு யாரும் அந்த வேலைக்கு ஆசைப்படாததால் நிரந்தரத் தலைவர்.

வட்டத்தில் அலசாத விஷயம் கிடையாது. வங்கியில் நம் பணத்தை நாமே எடுக்க எதற்குச் சாட்சி, மாடி எண்ணைச் சொல்லாத லிஃப்ட்டை என்ன செய்வது, காதலைச் சொல்லத் தொடங்குமுன் எதிரில் ஆள் இருக்கிறாரா என்று நாசூக்காக அறிவது எப்படி என்று பேச்சு போகும். எதிரில் இருப்பதைப் படம் பிடித்து விவரிக்கும் செயலி ஒன்று புதிதாக வந்தபோது, முதல் சோதனைக்குத் தலைவரே மார்பை நிமிர்த்தி நின்றார். “சுவரோரம் ஓர் அலமாரி. அதன்மேல் சட்டை தொங்குகிறது” என்றது போன். அந்தச் செயலியை வட்டம் ஏகமனதாக நிராகரித்தது. நிராகரிக்கும்போது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வந்தது.

“நாம தெய்வப் பிறவியும் இல்ல, பாவப்பட்ட பிறவியும் இல்ல. சாதாரண மனுசங்க!” என்று மேசையைத் தட்டி முடிப்பார் தலைவர். கைதட்டல் பலமாக இருக்கும். அகக்கண் ஐயாவை அவர் கிழித்துத் தொங்கவிட்டதும் அதே மேசையில்தான்.

மேசை தட்டிய கை வீட்டுக்கு வந்ததும் நெற்றியைத் தட்டிக்கொண்டது. காரணம், மகள். தலைவருக்கு ஒரே மகள், பார்வை உள்ளவள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. அவள் மணக்க விரும்பியது பஸ் நிலைய அறிவிப்பாளரை. அவரும் வட்டத்து உறுப்பினர்தான். எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று ஊருக்கே வழி சொல்லும் அந்தக் குரலுக்கும் பார்வை இல்லை.

“அந்தப் பையனுக்குக் கண்ணு தெரியாதேம்மா!”

“உங்களுக்கு மட்டும் தெரியுமாப்பா?”

“என் கதை வேற.”

“எப்படி வேற?”

“நான் தலைவர்!”

அடுப்படியிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். “ஏங்க, உங்களக் கட்டிக்கிட்டு நான் கெட்டா போயிட்டேன்? சரி, கொஞ்சம் கெட்டுத்தான் போனேன். ஆனா அது உங்க கண்ணால இல்ல, வாயால.”

“உனக்கு விளங்காது. நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு கௌரவம் இருக்கு. ஒரு வீட்டுக்கு ஒரு வெள்ளைக்கோல் போதும்!”

இப்படியே வாரங்கள் ஓடின. மகள் அசையவில்லை. நியாயம் பேசி ஜெயிக்க முடியாது என்று தெரிந்ததும் தலைவர் அருளை நாடினார். “அந்த அகக்கண் ஐயாகிட்டயே கேட்டுடுவோம். அவர் சொல்றதுதான் முடிவு.”

மனைவி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. “போன மாசம் அவரத் திட்டித்தானே தொண்ட கட்டிச்சு?”

“ஆராய்ச்சி பண்ணப் போறேன்னு வச்சுக்கோ.”

மகள் களைத்துப்போயிருந்தாள். “சரிப்பா. உங்ககிட்டப் பேசி மாளாது. காசு சுண்டிப் போட்டுப் பாத்த மாதிரி இருக்கட்டும். அவர் வேணாம்னா விட்டுடுறேன். சரின்னு சொல்லிட்டா நீங்க வாயே திறக்கக் கூடாது.”

ஒரு பெண்ணின் வாழ்க்கை இப்படியாக ஓடுகடை மாடிக்குப் போய்ச் சேர்ந்தது.

கூடத்தில் ஆண்கள் ஒருபுறம், பெண்கள் ஒருபுறம். மனைவியும் மகளும் அந்தப் பக்கம் போனபின் தலைவர் பெஞ்சில் உட்கார்ந்து கோலை மடக்கினார். பின்வரிசையில் ஒரு இருமல். வட்டத்தின் பொருளாளர் இருமல் அது! அதே நொடியில் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கைக்கடிகாரம் மணி சொல்லிற்று. வட்டத்தில் அத்தனை சத்தமாகப் பேசும் கடிகாரம் வக்கீலம்மாவுக்கு மட்டும்தான் உண்டு. கடிகாரத்தின் வாயை அவர் பொத்தியதுகூடக் கேட்டது. தூணோரம் ஒரு கோல் தயங்கித் தயங்கித் தட்டியது, அது அறிவிப்பாளர். பாவம், அவர் ஒரு வார்த்தை பேசினாலும் கூடமே எழுந்து பஸ் பிடிக்க ஓடும்.

பகுத்தறிவு பேசும் வட்டத்தின் பாதி அங்கே இருந்தது. எல்லோரும் ஆராய்ச்சிக்குத்தான் வந்திருந்தார்கள். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது என்று ஒவ்வொருவரும் நம்பினார்கள். நம்மவர்கள் ஒளிந்துகொள்ளும் அழகு அது: கண் உள்ளவர்கள் அத்தனை பேருக்கும் நடுவில், வாயை மட்டும் மூடிக்கொண்டு!

அப்போது குழைந்த குரலில் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார். “குடிங்கய்யா. பாவம், கண்ணு தெரியாம எப்படித்தான் குடும்பத்த ஓட்டுனீங்களோ. பசங்க ஏதும் உண்டா, இல்ல ஒண்டிக்கட்டையா?”

அந்தப் ‘பாவம்’ தலைவரின் முதுகுத்தண்டில் போய்க் குத்தியது. முதுகு மேலும் நிமிர்ந்தது. நிமிர்ந்த முதுகிலிருந்து ஒரு பொய் வந்தது.

“பாவமா? என் மகன் வெளிநாட்டுல பெரிய இன்ஜினியர்!”

பின்வரிசையில் பொருளாளருக்குத் தண்ணீர் புரையேறியது. அவர் என்ன செய்வார்? சிரித்தால் தான் அங்கே இருப்பது தெரிந்துவிடும்.

“அப்படியாங்கய்யா! அப்ப என்ன குறை?”

“மகள்தான். ஒரு குருட்டுப் பயலக் கட்டுவேங்கிறா. என் மானம் என்னாவறது?” என்று தணிந்த குரலில் சொன்னார் தலைவர். தண்ணீர்க்காரர் உச்சுக்கொட்டிவிட்டு அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தார்.

தலைவரின் முறை வந்தது. மேடையேற்றி ஐயாவின் எதிரில் உட்கார வைத்தார்கள். ஐயா காதை மூடிய குல்லாயோடு முன்னால் குனிந்து, தலைவரின் உச்சியில் கை வைத்தார். ரீங்காரம் எழுந்தது.

தூரத்தில் அது வண்டு. இத்தனை கிட்டத்தில் அது வண்டு இல்லை.

பார்வையில்லாதவர்களின் போனில் எழுத்தைப் படித்துச் சொல்லும் குரல் ஒன்று உண்டு. பழகியவர்கள் அதன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள். நிதானமாகக் கேட்டால் வாழ்க்கை முடிந்துவிடும். கடைசியில் அது மற்றவர்களுக்கு வெறும் ‘ர்ர்ர்’ ஆகிவிடும். பழகிய காதுக்கு மட்டும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழும். தலைவரின் காது ஆயுள் முழுக்கக் கம்பி வழியே வந்த குரல்களைப் பிரித்துக் கேட்ட காது. அருள்நாதம் சொன்னது இதுதான்:

“கிழவன். பார்வை இல்லை. தற்பெருமை ஜாஸ்தி. மகன் வெளிநாட்டு இன்ஜினியர். மகள் குருடனைக் கட்டுவேங்கிறாள். வேண்டாம்னு சொல்லு, காணிக்கைப் பெட்டி நிறையும்.”

ஐயா கணீரென்று தொடங்கினார். “பெரியவரே, உம்ம ரத்தம் கடல் தாண்டி நிக்குது! ஒரு மகன்! இயந்திரங்களோட பேசுற மகன்!”

கூடம் சிலிர்த்தது.

“மகனா? எந்த மகன்?” என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது. தலைவரின் மனைவி.

கூடம் இரண்டாம் முறை சிலிர்த்தது. முதல் சிலிர்ப்பைவிட இதில் ருசி அதிகம்.

“ஐயா சொன்னா தப்பாகுமாம்மா? உங்களுக்குத் தெரியாம எங்கயோ ஒரு குடும்பம் இருக்கு, அவ்வளவுதான்” என்று ஒரு பெண் ஆறுதல் சொன்னாள்.

“இவரா? தனியா பஸ் ஏறவே யோசிக்கிற மனுசன் எப்பம்மா கடல் தாண்டுனாரு?”

ஐயா அசரவில்லை. “உம்ம மகள் விரும்புறவன் வேணாம். இருட்டோட இருட்டு சேரக் கூடாது. இது உத்தரவு!”

கூடம் அடங்கியது. அந்த அமைதியில் மகளின் குரல் மட்டும் கேட்டது, கடையில் கணக்கு முடிக்கிற மாதிரி. “சரிப்பா. சொன்னபடி விட்டுடுறேன்.”

தலைவர் ஜெயித்துவிட்டார். இனி அவர் செய்யவேண்டியது சும்மா இருப்பது ஒன்றுதான். வாயைத் திறந்தால் இத்தனை பேர் நடுவில் பொய்யன் என்று பெயர் வரும். மூடிக்கொண்டால் நினைத்தது நடக்கும், இலவசமாக ஒரு மகனும் கிடைப்பான். ஆனாலும் காதுக்குள் அந்தச் சொல் நகர மறுத்தது. குருடன். ஆயுளில் எத்தனையோ பேர் அவரை அப்படி அழைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரோடும் சண்டைக்குப் போயிருக்கிறார். இன்று அந்தச் சொல்லை அந்தப் போனுக்கு எழுதிக் கொடுத்தது யார்? தண்ணீர்க்காரரா? இல்லை. அவர் கேட்டதைத்தான் எழுதினார்.

தலைவர் எழுந்து நின்றார்.

“எனக்கு மகனே கிடையாது. தண்ணி குடுத்தவர்கிட்ட நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யத்தான் இந்த ஐயாவோட கடவுள் இப்ப எனக்குத் திருப்பிச் சொன்னார்!”

கூடம் நம்பவில்லை. “வெக்கப்பட்டு மறைக்கிறாருப்பா” என்றார் ஒருவர். “பெத்த பிள்ளைய இல்லைங்கிறாரே, இவரும் ஒரு அப்பனா?” என்றார் இன்னொருவர்.

பேச்சு எடுபடாது என்று தெரிந்ததும் தலைவர் கை நீட்டினார். குல்லாய்க்குள் ஒரு இயர்போன் ஒயர் அகப்பட்டது. பிடித்து இழுத்தார். அவ்வளவுதான், ஐயாவின் மடியில் இருந்த போன் வாய்விட்டு ரீங்கரித்தது; மைக் அதைக் கூரைவரை ஏற்றியது. கூட்டம் ‘அருள்நாதம்! அருள்நாதம்!’ என்று கண்களை மூடிக்கொண்டது.

“கண்ணத் தெறங்கய்யா!” என்று வக்கீலம்மா கத்தினார். “அது போன் பேசுற சத்தம். எங்க எல்லாருக்கும் புரியுது. யாராச்சும் வேகத்தக் குறைங்க, உங்களுக்கும் புரியும்!”

மகள் மேடைக்கு ஓடினாள். அப்பாவின் போனோடு மாரடித்துப் பழகியவள். போனைப் பறித்து, வேகத்தை மனிதர்கள் பேசும் அளவுக்கு இறக்கி, மைக் அருகில் பிடித்தாள். தூணுக்குப் பின்னால் நின்ற தண்ணீர்க்காரர் அவசரமாக அனுப்பிய செய்தியை, போன் உணர்ச்சியே இல்லாமல் நிறுத்தி நிதானமாக வாசித்தது.

“மச்சான். மாட்டிக்கிட்டோம். நான் பின்வாசல் வழியாகக் கிளம்புகிறேன். நீ எப்படியாவது வந்து சேர்.”

பின்வாசல் கதவு அடித்துச் சாத்தும் சத்தமும் மைக்கில் விழுந்தது.

பிறகு பாதிப்பேர் காணிக்கைப் பெட்டியைப் பார்த்துப் பாய்ந்தார்கள். மீதிப்பேர் செருப்பைத் தேடி ஓடினார்கள்.

“ஒரே கூட்டத்து ஆளு நீங்க. காட்டிக் குடுத்துட்டீங்களே” என்றார் ஐயா, மைக்கில்லாத சின்னக் குரலில். “வேலை கேட்டுக் கேட்டுச் செருப்பு தேஞ்சதுதான் மிச்சம். சாதாரண ஆளா வந்தப்ப வாசல்லயே நிக்க வச்சாங்க. சாமியா வந்ததும் மேடை போட்டாங்க. நான் என்ன செய்ய?”

“வேலை இல்லைன்னா வட்டத்துக்கு வா, சேந்து கத்துவோம். ஊரை ஏமாத்திட்டு, எங்க எல்லாரையும் சேத்துச் சாமியாக்காத. அப்புறம் எங்களுக்கு எவன் வேலை குடுப்பான்?” என்றார் தலைவர். சொன்னபிறகு, குரல் மேசையைத் தட்டியபோது இருந்ததுபோல இல்லை என்பது அவருக்கே கேட்டது.

மேடையைவிட்டுக் கீழே இறங்கியபோது கால் ஏதோவொன்றில் இடித்தது. ஒரு பெண் குறுக்கே மண்டியிட்டிருந்தாள். சற்றுமுன் அவருக்கு ரகசியக் குடும்பம் கண்டுபிடித்துக் கொடுத்த அதே குரல்.

“ஐயா! அந்த அருள்நாதத்துக்கு அர்த்தம் புரிஞ்சது உங்களுக்குத்தான்! அவன் போலி, நீங்கதான் அசல்! என் பொண்ணு ஒருத்தன விரும்புறா. கட்டி வைக்கலாமா? உங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க!”

உண்மையைச் சொல்லிவிடவேண்டும்: ‘அசல்’ என்ற சொல் தலைவருக்கு ஒரு நொடி இனிக்கத்தான் செய்தது. ‘தற்பெருமை ஜாஸ்தி’ என்று போன் ஒன்றும் தப்பாக வாசிக்கவில்லை.

“உங்க பொண்ணக் கேட்டீங்களாம்மா?”

“இல்லீங்களே.”

“நானும் என் பொண்ணக் கேக்கல” என்றார் தலைவர். மகள் நின்ற பக்கம் திரும்பினார். “ஏம்மா, உனக்கு அவர நிஜமாவே பிடிச்சிருக்கா?”

“பிடிச்சிருக்குப்பா.”

“அவ்வளவுதானே. அப்ப நான் வாயத் திறக்கல.”

“அதிசயம்!” என்றாள் மனைவி. அன்று அந்தக் கூடத்தில் நடந்த ஒரே அதிசயம் அதுதான் என்பதில் பொருளாளருக்கும் வக்கீலம்மாவுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தூணோரம் பூட்டிக்கிடந்த வாயும் திறந்தது. “நன்றி மாமா!” என்று அறிவிப்பாளர் முழுக் குரலில் சொல்ல, படியிறங்கிக்கொண்டிருந்த நாலைந்து பேர் பதறிக்கொண்டு பஸ்ஸைத் தேடினார்கள்.

மண்டியிட்ட பெண் இன்னும் எழவில்லை. “எனக்கு ஒண்ணும் சொல்லலியே சாமி?”

தலைவர் குனிந்தார். ஆயுளில் முதல்முறையாக அந்த முதுகு வளைந்தது.

“எழுந்திரும்மா. எனக்கு இல்லாதது கண்ணு மட்டுந்தான். உனக்குத்தான் ரெண்டும் நல்லா இருக்கே? அதுக்குப் பின்னாடி மூளைன்னு ஒண்ணு பூட்டியே கிடக்குது பாரு, மொதல்ல அதத் தெற!”